சார்டினியாவில் சர்ஃபிங்: காற்றைப் பார்த்துப் பயணம் போடுவது எப்படி

மத்தியதரைக் கடலில் அலை பிடிக்கப் போகிறவர்கள் பெருங்கடல் பழக்கத்தை முதலில் கழற்றி வைத்துவிட வேண்டும். அட்லாண்டிக்கிலோ இந்தியப் பெருங்கடலிலோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அடித்த புயலின் அலை, நான்கைந்து நாள் கழித்துக் காற்றே இல்லாத கரைக்கு வந்து சேரும். இங்கே கடல் சின்னது. காற்று அடித்தால் அலை உண்டு. காற்று நின்றால் பெரும்பாலும் ஒரு நாளைக்குள் கடல் குளம்போல் படுத்துவிடும். ஒரு கடற்கரையைத் தேர்ந்தெடுத்து, அதன் எதிரில் அறை பிடித்து, அலை வரும் என்று காத்திருந்தால் வாரம் முழுக்கப் போர்டு உறையிலேயே கிடக்கும். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்த்து, அதற்கு ஏற்ற கரைக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போக வேண்டியது நீங்கள்தான். தேதி, தங்குமிடம், வண்டி, போர்டு எல்லாமே இதிலிருந்துதான் வருகின்றன.

இந்தக் கணக்குக்கு மத்தியதரைக் கடலிலேயே மிகவும் தோதான தீவு இத்தாலியின் சார்டினியா. சுமார் 24,000 சதுர கிலோமீட்டர்; சிசிலிக்கு அடுத்த பெரிய தீவு. நான்கு பக்கமும் கரை இருப்பதால் எந்தக் காற்றுக்கும் ஒரு பக்கத்தில் அலை இருக்கும், மறுபக்கம் ஒதுங்க இடம் இருக்கும். முக்கியமாக, மேற்குக் கரைக்கும் பிரான்ஸின் லியோன் வளைகுடாவுக்கும் நடுவே எந்த நிலமும் குறுக்கிடவில்லை.

அலை எங்கிருந்து வருகிறது

சார்டினியாவின் அலைக்குத் தாய் மிஸ்ட்ரல் காற்று. இத்தாலியர்கள் அதை மாயெஸ்த்ராலே என்பார்கள். வடக்கிலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்று, ஆல்ப்ஸ் மலைக்கும் பிரான்ஸின் நடுப்பீடபூமிக்கும் இடையே ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நெருக்கப்பட்டு, வேகம் கூடி லியோன் வளைகுடாவில் பாய்கிறது. ஜெனோவா வளைகுடாவில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகி, மேற்கே பிஸ்கே வளைகுடா பக்கம் உயரழுத்தம் நின்றால், இந்தக் காற்று இரண்டு மூன்று நாள்கூட ஓயாமல் அடிக்கும். வளைகுடாவிலிருந்து சார்டினியாவின் மேற்குக் கரைக்குச் சுமார் 400 கிலோமீட்டர். அலை வளர அவ்வளவு தூரம்தான் கிடைக்கிறது. அதனால்தான் அலைக்கும் அலைக்கும் இடையே உள்ள நேரம், அதாவது பீரியட், இங்கே வழக்கமாக 6 முதல் 9 நொடி. 10 நொடியைத் தாண்டினால் அது பெரிய புயல்.

பீரியட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பெருங்கடலில் பழகியவர்கள் ஏமாறுவது இங்கேதான். முன்னறிவிப்பில் 1.5 மீட்டர் என்று பார்த்ததும் பழைய கணக்கு மனதில் ஓடும். ஆனால் அலையின் ஆற்றல் உயரத்தின் வர்க்கத்தையும் பீரியட்டையும் பெருக்கினால் வருவது. 1.5 மீட்டர், 7 நொடி அலையில் இருப்பது 1.5 மீட்டர், 14 நொடி அலையின் ஆற்றலில் பாதிதான். கரையில் உடையும்போது அந்த 14 நொடி அலை இன்னும் உயர்ந்து எழும். 7 நொடி அலை அவ்வளவு எழாது. இரண்டாவது வேறுபாடு திசையில். 14 நொடி அலை 150 மீட்டர் ஆழத்திலேயே கடலடியை உணரத் தொடங்கி, முனைகளைச் சுற்றி வளைந்து ஒதுக்கமான வளைகுடாவுக்குள்ளும் நுழையும். 7 நொடி அலை கடலடியை உணர்வது 40 மீட்டருக்கும் குறைந்த ஆழத்தில். வளைவதற்கு நேரம் இல்லை. ஆகவே கரை எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது இங்கே உயிர்நாடி. வடமேற்கு அலைக்குத் தெற்கு பார்த்த வளைகுடாவில் போய் நின்றால், பக்கத்து முனையில் ஆள் உயர அலை உடையும்போது உங்கள் காலடியில் நுரை மட்டும் வரும்.

மற்ற காற்றுகளையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தென்மேற்கிலிருந்து வருவது லிபெச்சோ, மேற்கிலிருந்து பொனென்தே. இரண்டும் மேற்குக் கரைக்கு அலை தரும். தென்கிழக்கிலிருந்து வரும் ஷிரோக்கோ தெற்குக் கரைக்கும் கிழக்குக் கரைக்கும். வடகிழக்கின் கிரெக்காலே கிழக்குக் கரையை எப்போதாவது எழுப்பும். உள்ளூர்க்காரர்கள் அலையைக் காற்றின் பெயரால்தான் சொல்வார்கள், “நாளை மாயெஸ்த்ராலே இறங்குகிறது” என்று. பெயர் தெரியாவிட்டால் பாதிப் பேச்சு புரியாது.

எப்போது போவது

அக்டோபர் முதல் ஏப்ரல் வரை பருவம். அதற்குள்ளும் ஒரு தேர்வு சொல்ல வேண்டுமானால் அக்டோபர் நடுப்பகுதி முதல் நவம்பர் கடைசி வரை: புயல்கள் தொடங்கியிருக்கும், கடலில் கோடையின் வெப்பம் மிச்சம் இருக்கும். அக்டோபரில் நீர் 21, 22 டிகிரி. நவம்பர் கடைசியில் 18 அளவுக்கு இறங்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை அலை அடிக்கடி வரும், பெரிதாகவும் வரும். ஆனால் பிப்ரவரி, மார்ச்சில் நீர் 13, 14 டிகிரிதான். டிசம்பரில் பகல் ஒன்பதரை மணி நேரத்துக்கும் குறைவு. அலை உச்சத்தில் இருக்கும் ஆறு மணி நேரம் இருட்டில் போய்விடக்கூடிய மாதம் அது.

ஏப்ரலில் அலை குறையத் தொடங்கும், நீரோ இன்னும் குளிராகவே இருக்கும். ஜூலை, ஆகஸ்ட் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. குடும்பத்தோடு போகிறீர்கள், போர்டு கூட இருந்தால் இருக்கட்டும் என்றால் சரி.

எத்தனை நாள்? குளிர்காலத்தில் 10 நாள் வைத்தால் இரண்டு அலைச் சுற்றுகளையாவது எதிர்பார்க்கலாம். வார இறுதிக்கு மட்டும் போவதென்றால் முன்னறிவிப்பைப் பார்த்த பிறகே சீட்டு வாங்க வேண்டும். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு அது முடியும். தூரத்திலிருந்து வருகிறவர்கள் 10 முதல் 14 நாள் போடுங்கள், நடுவே அலையில்லாத நாட்கள் வரும் என்று முதலிலேயே மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

முன்னறிவிப்பைப் படிப்பது

அலை வரைபடத்தை விடக் காற்று வரைபடத்தை முதலில் பாருங்கள். விண்டி, விண்ட்குரு என்ற இணையதளங்கள் இரண்டும் போதும். சர்ஃப்லைன் தளத்தின் அலை மதிப்பீட்டை மட்டும் நம்பி இங்கே முடிவெடுக்க வேண்டாம். ஐரோப்பிய வானிலை மையத்தின் கணினிக் கணிப்பான ஈசிஎம்டபிள்யூஎஃப் ஏழு நாளுக்கு முன்பே புயலின் நிழலைக் காட்டும். ஆனால் தாழ்வு மையம் 100 கிலோமீட்டர் நகர்ந்தாலே காற்றின் திசை மாறிவிடும் என்பதால், மூன்று நாளுக்குள் வரும் வரை எந்தக் கரைக்குப் போவது என்று முடிவு கட்டாதீர்கள். தஸ்கனி மாநிலத்தின் லாம்மா வானிலை அமைப்பு மத்தியதரைக் கடலுக்கென்றே அலை வரைபடம் வெளியிடுகிறது. அதையும் ஒத்துப் பாருங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. செவ்வாய் காலை லியோன் வளைகுடாவில் வடமேற்குக் காற்று 35 நாட் (மணிக்குச் சுமார் 65 கிலோமீட்டர்), புதன் நண்பகல் வரை நீடிக்கும், பிறகு தளரும் என்று வரைபடம் சொல்கிறது. 9 நொடி அலைக்கூட்டம் ஆழ்கடலில் நொடிக்குச் சுமார் 7 மீட்டர், அதாவது மணிக்கு 25 கிலோமீட்டர் நகரும். 400 கிலோமீட்டரைக் கடக்க 16 மணி நேரம். ஆக செவ்வாய் நள்ளிரவை ஒட்டி மேற்குக் கரையில் அலை ஏறத் தொடங்கும். புதன் பகல் முழுக்கக் கடல் பெரிதாக, ஆனால் காற்றோடு கலங்கிப்போய் இருக்கும். வளைகுடாவில் காற்று நின்ற பிறகும் கடைசி அலைகள் வந்துசேர அதே 16 மணி நேரம் ஆகும் என்பதால், வியாழன் விடியற்காலையில் காற்று இல்லை, அலை மட்டும் மிச்சம். இரவில் குளிர்ந்த தரையிலிருந்து கடலை நோக்கி மெல்லிய நிலக்காற்று வேறு அடித்து அலையின் முகத்தைச் சீவிவிடும். அந்த வியாழன் காலை ஏழு மணி முதல் பதினொன்று வரைக்காகத்தான் இந்தப் பயணம் முழுவதும். மாலைக்குள் இடுப்பளவு, வெள்ளியன்று ஒன்றுமில்லை. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பதை இங்கே கொஞ்சம் மாற்றி, காற்று நின்ற மறுநாள் காலையில் என்று வாசிக்க வேண்டும்.

புதன்கிழமையை வீணாக்க வேண்டியதில்லை. காற்று பக்கவாட்டிலோ நிலத்திலிருந்து கடலை நோக்கியோ அடிக்கும் கரையைத் தேடிப் போங்கள். அலை சிறியதாக இருந்தாலும் வடிவம் இருக்கும்.

கடல் ஏற்ற இறக்கம் இங்கே 20, 30 சென்டிமீட்டர்தான். அந்த அட்டவணையைப் பார்ப்பதை விட்டுவிடலாம்.

எந்தக் கரை எந்தக் காற்றுக்கு

மேற்கில் ஓரிஸ்தானோ மாவட்டத்தின் சீனிஸ் தீபகற்பமும் அதன் வட பக்கத்தில் நீட்டி நிற்கும் காப்போ மன்னுவும்தான் தீவின் பெயர் பெற்ற இடம். வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு அலை மூன்றையும் வாங்கும். தரை முழுக்கப் பாறை. பெரிய நாளில் கரைக்குத் திரும்பும் வழி தெரியாதவர்கள் இறங்கக் கூடாது. அதன் பக்கத்திலேயே மினி காப்போ, சா மேசா லோங்கா போன்ற சிறிய இடங்கள் இருப்பதால், ஒரே இடத்தில் நின்று இரண்டு மூன்று தேர்வுகளை ஒப்பிட முடியும். இன்னும் தெற்கே இஸ் அருத்தாஸ். அரிசி மணி போன்ற படிகக்கல் பருக்கைகளாலான கரை.

தென்மேற்கில் புஜ்ஜேரு, பழைய சுரங்க ஊர். ஊருக்கு வடக்கே சான் நிக்கோலோ, போர்த்தீஷெத்து என்று நீளும் மணற்கரை. மணல் என்பதால் பாறையைவிட நிம்மதி. ஆனால் அலை தலையளவைத் தாண்டினால் இழுப்பு நீரோட்டம் பலமாக இருக்கும். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் மணல்திட்டு இடம் மாறும். போன தடவை அலை உடைந்த இடத்தில் இந்தத் தடவையும் உடையும் என்று நம்பி நேராக அங்கே போய் உட்காராதீர்கள்.

வடமேற்கில் அல்கேரோவுக்கு வடக்கே போர்த்தோ ஃபெர்ரோ: பழைய காவற்கோபுரங்கள் மூன்று சூழ்ந்த, மேற்கு பார்த்த மணல் வளைகுடா. தொடக்கநிலையைத் தாண்டியவர்களுக்கு முதல் இரண்டு நாளைக்கு இதைத்தான் சொல்வோம். வட கரையில் ஈசோலா ரோஸ்ஸா பக்கத்து மரினெத்தாவும், வல்லெதோரியா, பதேசி மணற்கரைகளும் மிஸ்ட்ரலை நேராக வாங்குகின்றன. தெற்கே கீயா ஷிரோக்கோவுக்கும் லிபெச்சோவுக்கும் எழும். காலியாரி நகரத்தின் போயெத்தோ கடற்கரை ஷிரோக்கோவுக்கு. கிழக்குக் கரையை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

எங்கே தங்குவது, எப்படிப் போவது

தீவில் விமான நிலையங்கள் மூன்று: காலியாரி, அல்கேரோ, ஒல்பியா. ஒல்பியா வடகிழக்கில், அலை இருக்கும் மேற்குக் கரைக்கு அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். சீட்டு மிகவும் மலிவாகக் கிடைத்தாலொழிய மற்ற இரண்டில் ஒன்றில் இறங்குங்கள்.

தங்க எங்கள் தேர்வு ஓரிஸ்தானோ நகரம், அல்லது பக்கத்து காப்ராஸ். காப்போ மன்னு அரை மணி நேரத்துக்குச் சற்று மேல்; புஜ்ஜேரு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல்; வடக்கே போர்த்தோ ஃபெர்ரோவுக்கு இரண்டு மணி நேரம். தீவை நீளவாக்கில் இணைக்கும் 131-ஆம் எண் நெடுஞ்சாலை ஓரிஸ்தானோ வழியே போகிறது, சுங்கக் கட்டணம் இல்லை. கடலோரச் சிற்றூர்களில் அறை கிடைக்கும், ஆனால் நவம்பர் முதல் அங்கே உணவகம், மளிகைக்கடை, சர்ஃப் பள்ளி பலதும் பூட்டிக்கிடக்கும். நீரிலிருந்து குளிரில் நடுங்கி வெளியே வந்த பிறகு சூடான சாப்பாட்டுக்கு 30 கிலோமீட்டர் ஓட்டுவது சுகமல்ல. குளிர்காலத்தில் அறை பிடிக்கும்போது இரண்டே கேள்வி கேளுங்கள்: வெப்பமூட்டி உண்டா, நனைந்த வெட்சூட்டைத் தொங்கவிட மூடிய இடம் உண்டா. கோடைக்கெனக் கட்டிய வீடுகள் பலவற்றில் இரண்டும் இருக்காது.

வண்டி இல்லாமல் இந்தப் பயணம் நடக்காது. பேருந்துகள் பள்ளிக்கூட நேரத்துக்கு ஓடுகின்றன, அலையின் நேரத்துக்கு அல்ல. வாடகைக் கார் எடுக்க ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். முன்வைப்புத் தொகை அதில் முடக்கப்படும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வாங்கிய உரிமம் என்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கூட இருக்க வேண்டும். காரின் கூரைக் கம்பிகளை நம்பாமல், கழற்றி மாட்டும் மென்பட்டை ரேக் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். பட்டையின் உலோகக் கொக்கி போர்டின் விளிம்பில் படாமல் இருக்கட்டும். கையால் இறுக்கினால் போதும், காலை வைத்து இழுத்தால் போர்டின் ஓரம் நசுங்கும். காப்பீட்டில் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி சேருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், கடற்கரைக்குப் போகும் கடைசி ஒரு கிலோமீட்டர் பெரும்பாலும் குண்டும் குழியுமான மண்பாதை. நகரங்களின் பழைய பகுதிகளில் இஸட்டிஎல் (ZTL, வெளிவண்டிகளுக்குக் கட்டுப்பாடுள்ள பகுதி) என்ற பலகை இருந்தால் உள்ளே நுழையாதீர்கள். கேமரா படம் பிடிக்கும், அபராதம் வீடு தேடி வரும். நீலக்கோடு போட்ட நிறுத்துமிடம் கட்டணத்துக்கு, வெள்ளைக்கோடு இலவசம், மஞ்சள்கோடு உங்களுக்கானது அல்ல.

சொந்த வண்டியில் ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஜெனோவா, லிவோர்னோ, சிவிதாவெக்கியா துறைமுகங்களிலிருந்து கப்பல் உண்டு. பார்சிலோனாவிலிருந்து போர்த்தோ தோர்ரஸுக்கும் உண்டு. இங்கே ஒரு பொறி இருக்கிறது. உங்களுக்கு அலை கொண்டுவரும் அதே மிஸ்ட்ரல்தான் கப்பலையும் தாமதப்படுத்தும், சமயத்தில் ரத்தும் செய்ய வைக்கும். புயலோடு சேர்ந்து கடக்க நினைக்காதீர்கள். காற்று தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பே தீவில் இறங்கிவிடுங்கள். திரும்பும் நாளுக்கும் அதே கணக்கு.

ஷெங்கன் விசா தேவைப்படுகிறவர்கள் பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் பொதுவாக ஏற்கமாட்டார்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். அதில் சர்ஃபிங் விலக்கப்பட்டிருக்கிறதா என்று சிறு எழுத்துகளைப் படியுங்கள். காற்றுக்கு ஏற்ப நாளை நகர்த்த வேண்டியிருக்கும் என்பதால் தங்குமிடத்தைக் கட்டணமின்றி ரத்து செய்யக்கூடியதாகப் பிடியுங்கள்.

போர்டும் உடையும்

வழக்கமாக ஓட்டுவதைவிட 3 முதல் 5 லிட்டர் கொள்ளளவு கூடிய போர்டு எடுத்துக்கொள்ளுங்கள். 30 லிட்டர் ஓட்டுகிறவர் 33 முதல் 35. அலை பலவீனம், தட்டையான பகுதிகள் அதிகம், அடுத்தடுத்து இடைவெளியின்றி வரும் அலைகளைத் தாண்டித் துடுப்புப் போட வேண்டும். மூன்றுக்கும் மிதப்பு உதவும். ஒரே போர்டுதான் என்றால் ஐந்தடி எட்டு அங்குலம் முதல் ஆறடி வரை நீளமுள்ள, வால் பிளந்த, அகலமான ஃபிஷ் ரகப் போர்டு, அல்லது ஏழடியை ஒட்டிய மிட்லெங்த் எனும் நடுத்தர நீளப் போர்டு. இரண்டு கொண்டுபோக முடிந்தால் வழக்கமான ஷார்ட்போர்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள், காப்போ மன்னு முழுவீச்சில் உடையும் நாளுக்காக. தொடக்கநிலையில் இருப்பவர்கள் எட்டடி மென்போர்டை அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம், ஆனால் குளிர்காலத்தில் கடை திறந்திருக்குமா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

விமானத்தில் போர்டு நொறுங்குவது பெரும்பாலும் மூக்கு, வால், ஓரம் என்று இந்த மூன்று இடங்களில். போர்டின் அடியில் துடுப்புபோல் நிற்கும் ஃபின்களைக் கழற்றிவிடுங்கள். ஓரம் நெடுகக் குழாய்க்குப் போடும் நுரை உறையை நீளவாக்கில் கிழித்து மாட்டுங்கள். மூக்கிலும் வாலிலும் துண்டையோ வெட்சூட்டையோ இரண்டு சுற்று. போர்டின் மேலே கனமான பொருள் எதையும் வைக்காதீர்கள். கால் வழுக்காமலிருக்கப் போர்டின் மேல் பூசிய மெழுகை முழுக்கச் சுரண்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வெயிலில் நின்ற உறைக்குள் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். விமான நிறுவனத்தின் நீள வரம்பையும் எடை வரம்பையும் சீட்டு வாங்குவதற்கு முன்பே பாருங்கள். சிறிய புரொப்பெல்லர் விமானங்களில் ஒன்பதடி போர்டு ஏறாது. போர்டுக்கான கட்டணத்தை இணையத்திலேயே முன்கூட்டிக் கட்டிவிட்டால் நிலையத்தில் கட்டுவதைவிடப் பெரும்பாலும் குறையும்.

அக்டோபருக்கு 3/2 மில்லிமீட்டர் (உடம்புப் பகுதி 3, கை கால் 2) முழு வெட்சூட். நவம்பர் கடைசி முதல் ஏப்ரல் வரை 4/3. குளிர் தாங்காதவர்கள் பிப்ரவரியில் தலைமூடியையும் 3 மில்லிமீட்டர் காலணியையும் சேர்த்துக்கொள்ளலாம். நீரின் குளிரைவிட மிஸ்ட்ரலின் குளிர்தான் எலும்பைத் தொடும், அதுவும் உடை மாற்றும்போது. அதனால் தலைவழி போட்டுக்கொள்ளும் துண்டங்கியும் காற்றுப்புகாத ஜாக்கெட்டும் ஆடம்பரம் அல்ல. காலணி கோடையிலும் நல்லதுதான். காரணம் கீழே வருகிறது. கூடவே ஒரு மாற்று லீஷ் (போர்டைக் காலோடு பிணைக்கும் கயிறு), ஃபின் திருகுக்கான சாவி, போர்டின் விரிசலை அடைக்க வெயிலில் இறுகும் ரெசின் ஒரு குழாய், 80, 240 எண் உப்புத்தாள், இடுக்கி. மெழுகு நவம்பர் வரை மிதவெப்ப நீருக்கானது, அதன் பிறகு குளிர்நீருக்கானது. காரின் மின்சாவியை வெட்சூட்டுக்குள் வைத்து நனைக்காதீர்கள். எண்பூட்டுள்ள சிறுபெட்டி ஒன்றை வண்டியில் தொங்கவிடுவது வழக்கம். வண்டிக்குள் பாஸ்போர்ட், மடிக்கணினி எதையும் விட்டுப் போகாதீர்கள்.

நீரில் இறங்கும்போது

கரைக்கு வந்ததும் உடனே உடை மாற்றாதீர்கள். 20 நிமிடம் நின்று பாருங்கள்: யார் எங்கே இறங்குகிறார்கள், எங்கே வெளியேறுகிறார்கள், பெரிய அலைக்கூட்டம் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது. குறுகிய பீரியட் அலையில் ஓய்வான இடைவெளி என்று ஒன்று கிடைக்காது. நடுவே மாட்டிக்கொண்டால் பத்துப் பன்னிரண்டு அலையைத் தொடர்ந்து முழுகித் தாண்ட வேண்டியிருக்கும். பாறைக் கரையில் ஏறும் வழி தெரியாமல் இறங்குவது மடத்தனம். மணற்கரையில் இழுப்பு நீரோட்டம் வெளியே இழுத்தால் எதிர்த்துத் துடுப்புப் போடாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, அலை உடையும் இடத்துக்கு வந்து, நுரையோடு உள்ளே வாருங்கள். பருவத்துக்கு வெளியே கடற்கரைக் காவலர்கள் இருக்கமாட்டார்கள். அவசரத்துக்கு 112, கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படை 1530.

அலை நல்லது என்று எல்லோருக்கும் தெரியும் அந்த ஒரே காலையில் காப்போ மன்னுவில் கூட்டம் இருக்கும். ஆறு பேராகச் சேர்ந்து போய் அலை உடையும் முனையில் உட்காராதீர்கள். ஓரத்தில் தொடங்குங்கள், வணக்கம் சொல்லுங்கள், உடையும் முனைக்கு மிக அருகில் இருப்பவருக்கே அலை என்ற விதியைப் பிசகாமல் பின்பற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் உங்களுக்கும் வழி விடுவார்கள்.

காலில் குத்தும் சங்கதிகள் இரண்டு. பாறையில் கடல்முள்ளி. முள் ஏறினால் தோண்டாதீர்கள், உடைந்து உள்ளேயே நின்றுவிடும். காலைச் சூடான நீரில் ஊறவைத்து, தோலுக்கு வெளியே நீட்டி நிற்பவற்றை மட்டும் இடுக்கியால் குத்திய திசையிலேயே நேராக இழுங்கள். மூட்டின் அருகே ஆழமாக ஏறியிருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். இன்னொன்று, ஆழமற்ற மணலுக்குள் புதைந்து முதுகுமுள்ளை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் த்ராச்சினா மீன். மிதித்தால் வலி தொடைவரை ஏறும். அதன் நஞ்சு வெப்பத்தில் சிதையும். தாங்கக்கூடிய அளவு சூடான நீரில், தோல் வெந்துவிடாதபடி, அரை மணி நேரமாவது காலை வைத்திருங்கள். பனிக்கட்டி வைப்பது தவறு. மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்தால் நீர் சூடாகும் வரை காத்திருக்காமல் 112-ஐ அழைக்க வேண்டும். காலணி போடச் சொன்னது இந்த இரண்டுக்காகத்தான்.

புயலுக்குப் பின் கரையில் இடுப்பளவு குவிந்து கிடக்கும் பழுப்பு நிற இலைக்குப்பை பொசிடோனியா என்ற கடற்தாவரம். பார்க்க அசிங்கம், நாற்றமும் உண்டு. ஆனால் சாக்கடை அல்ல. மணல் அரித்துப் போகாமல் காப்பதே அந்தக் குவியல்தான், அதை அள்ளுவதற்கே கட்டுப்பாடு உண்டு.

அலையில்லாத நாட்களுக்கு ஒன்றிரண்டு இடங்களைக் குறித்து வைத்திருங்கள். சீனிஸ் முனையில் ஃபினீசியரும் ரோமரும் வாழ்ந்த தார்ரோஸ் நகரின் இடிபாடுகள். காப்ராஸ் அருங்காட்சியகத்தில், 1974-இல் மோன்தெ பிராமாவில் கண்டெடுக்கத் தொடங்கிய கல்வீரர் சிலைகள். பருமினியில் சு நுராக்ஸி கற்கோட்டை. அல்கேரோ பக்கத்து நெப்டியூன் குகைக்கு 654 படி இறங்க வேண்டும். கடல் கொந்தளித்தால் அதை மூடிவிடுவார்கள், ஆகவே அலையில்லாத நாளில் மட்டுமே பார்க்கக்கூடிய இடம் அது.

ஊருக்குக் கிளம்பும் முன் கடைசி வேலை, போர்டு உறையையும் காலணியையும் கடற்கரையிலேயே நன்றாக உதறுவது. மணல், கூழாங்கல், சிப்பி எதையும் தீவிலிருந்து எடுத்துப் போவதைச் சார்டினியா 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்திருக்கிறது. அபராதம் 500 முதல் 3,000 யூரோ வரை. துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் பையைச் சோதிப்பார்கள். இஸ் அருத்தாஸின் வெண்மணலை ஒரு பாட்டிலில் அடைத்துக்கொண்டு போனால் மாட்டிக்கொள்வீர்கள்.